கோட்டைக்குப் போய் வந்த கேள்வி

சட்டமன்றத்தில் உறுப்பினர் கேள்வி கேட்பார், அமைச்சர் பதில் சொல்வார் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. திருவண்ணாமலைப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருந்த சகாதேவனுக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரும். அமைச்சராவது, பதில் சொல்வதாவது. கோட்டையில் கிளம்புகிற கேள்வி, செயலாளர் ஆபீசில் ஒரு முத்திரை, டைரக்டர் ஆபீசில் ஒரு முத்திரை, வேலூர்க் கலெக்டர் ஆபீசில் ஒரு முத்திரை என்று ஊர் ஊராக விபூதி வாங்கிக்கொண்டு வரும் காவடி போல இறங்கி வந்து, கடைசியில் சகாதேவன் மேஜையில் விழும். யாரைப் பற்றிக் கேட்டார்களோ அவர்களே பதில் எழுத வேண்டும். கோழியைக் காணோம் என்றால் நரியைக் கூப்பிட்டு எழுதி வாங்குகிற ஏற்பாடு. எழுதியது வந்த வழியே முத்திரைகளோடு ஏறிப் போய், அமைச்சரின் பதிலாக அச்சில் வந்துவிடும்.

கேள்வியில் இரண்டு ஜாதி உண்டு. நட்சத்திரக் குறி போட்டதற்கு அமைச்சர் சபையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் இடைமறித்து மேலும் கேட்பார்கள், கொஞ்சம் வியர்க்கும். குறி போடாததற்கு எழுத்தில் பதில். அச்சடித்துச் சபையின் மேஜைமீது வைத்துவிட்டால் தீர்ந்தது. எம்.எல்.ஏ. முருகையன் கேட்பதெல்லாம் இந்த இரண்டாம் ஜாதிதான். சபைக் கூட்டத்துக்கு ஒரு கட்டு அனுப்புவார். பஸ் நிலையத்துக் கக்கூஸ் முதல் ஏரிக்கரை வேலிக்காத்தான் முள் வரை ஒன்றையும் விடமாட்டார். வருகிற பதிலைப் படிக்கமாட்டார். அதிகம் கேள்வி கேட்ட உறுப்பினர் என்று பத்திரிகையில் பேர் வந்தால் போதும், வயிறு நிறைந்துவிடும்.

பதில் எழுதுவதில் சகாதேவனுக்குக் கை தேர்ந்திருந்தது. பொய் எழுதமாட்டார். உண்மையும் எழுதமாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு உண்டு. அதில் வழுக்காமல் நடப்பார். 'பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்' என்பதெல்லாம் அந்த வரப்பில் முளைத்த புல். கேள்வி எப்போதும் (அ), (ஆ), (இ) என்று வரும். அப்படி நடந்தது உண்மையா, உண்மையென்றால் காரணம் என்ன, எப்போது சரிசெய்யப்படும் என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். முதலாவதன் கழுத்தை நெரித்தால் பின்னால் நிற்பவை தாமாகவே செத்துப்போகும். அவற்றுக்கு நேரே 'வினா எழவில்லை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

எழுபத்து நாலாம் வருஷம், புரட்டாசி மாசம். சிவப்புச் சீட்டு ஒட்டி, 'சட்டமன்ற வினா, மிக அவசரம்' என்று ஓர் உறை வந்தது. பிரித்துப் படித்த சகாதேவனுக்கு டீ மறந்துபோயிற்று.

(அ) அடி அண்ணாமலைத் தாய்சேய் நல விடுதி செயல்படுகிறதா? (ஆ) அதனுள் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பது உண்மையா? (இ) உண்மையெனில் விடுதி எப்போது பிரசவத்துக்குத் திறந்து விடப்படும்?

அடி அண்ணாமலை சகாதேவனின் சொந்த ஊர். மலைக்குப் பின்புறம், கிரிவலப் பாதையில் இருக்கிறது. தினமும் அங்கிருந்துதான் சைக்கிளில் ஆபீசுக்கு வருவார். அந்த விடுதி அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைத்து, ரிப்பன் வெட்டி, பிரசவ மேஜையும் வெந்நீர் டிரம்மும் இறக்கினார்கள். மறு வாரமே யூனியன் சேர்மன் ராஜமாணிக்கம், விலை ஏறட்டும் என்று தம் நிலத்து மல்லாட்டையை அதற்குள் அடுக்கிப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டார். அங்கே பிரசவம் பார்க்க நியமித்த மருத்துவ ஆயா பச்சையம்மாளுக்கு உட்கார இடமில்லை. டவுனில் சேர்மன் வீட்டுச் சமையலுக்கு ஒத்தாசை செய்துகொண்டு சர்க்கார் சம்பளம் வாங்கினாள்.

இதெல்லாம் சகாதேவனுக்குத் தெரியாததல்ல. டீ மறந்துபோனதற்குக் காரணம் வேறு. இதே மூன்று கேள்வியையும் இதே வரிசையில் அவர் மனைவி ஜோதியம்மாள் ஒரு மாசமாகச் சோறு போடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் ஆதிலட்சுமி தலைப்பிரசவத்துக்கு ஆரணியிலிருந்து தாய்வீடு வந்திருந்தாள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்தான். ஆனால் கார்த்திகையில் நாள் குறித்திருந்தார்கள். கார்த்திகை தீபத்துக்கு மலையைச் சுற்றி ஜனம் அடைத்துக்கொண்டால், அடி அண்ணாமலையிலிருந்து ஒரு கன்றுக்குட்டியைக்கூட டவுனுக்கு ஓட்டிப்போக முடியாது. ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் அந்த நெரிசலில் வண்டியிலேயே பெற்றதும் இழந்ததும் ஜோதியம்மாளுக்குத் தெரியும். புருஷன் காதில் ஏறாததால், முருகையன் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, கேள்வியை மனுவாக எழுதி அவர் கையில் திணித்துவிட்டாள். அவர் அதைத் தம் கட்டோடு கட்டாகக் கோட்டைக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் கேட்ட கேள்வி மெட்ராஸ் போய், அரசாங்கமெல்லாம் சுற்றி, கடைசியில் வீட்டுக்காரர் மேஜையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

சகாதேவன் தம் வழக்கப்படி வரப்பில் நடந்தார். 'கட்டடம் கட்டி முடிக்கப்பட்டு மருத்துவ ஆயா நியமிக்கப்பட்டுள்ளார். விடுதியை முழுமையாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' இதில் பொய் இல்லை. யாராவது உறைத்துக் கேட்டால் மூட்டையை எடுக்கவும் ஒரு சந்து விட்டிருந்தார். மகளை நினைத்துத்தான் அந்தச் சந்தை விட்டார், தைரியத்தால் அல்ல.

யூனியன் ஆபீசுக்குத் தலைமை அதிகாரியான பி.டி.ஓ. தரணேந்திரன் கையெழுத்துப் போட வேண்டும். செய்யாறு பக்கத்துச் சமணக் குடும்பம். நல்ல மனிதர், நேர்மையும் உண்டு, பயமும் உண்டு, இரண்டும் ஒன்றை ஒன்று மிஞ்சாமல் சம எடையாக இருந்தன. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற நியமம் அவருக்கு. சாயங்காலம் ஆகிவிட்டால் ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவார். ஆபீஸ் பூராவுக்கும் இது தெரியும். சேர்மனுக்கு நன்றாகவே தெரியும். வெயில் மஞ்சளான நேரமாகப் பார்த்துச் சேர்மன் பி.டி.ஓ. அறைக்குள் வந்து, சகாதேவன் எழுதியதை வாங்கிப் படித்தார்.

"இன்னாய்யா இது, கடன்காரன் தவணை கேக்கற மாதிரி எழுதிகினு வந்திருக்க. அந்த முருகையன் என்னைக் கேள்வி கேக்கறானா? அடிச்சி எழுது. நான் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல சகாதேவன் எழுதினார். '(அ) ஆம். விடுதி இரவு பகல் எந்நேரமும் பூட்டப்படாமல் திறந்தே வைக்கப்பட்டு, சுற்றுவட்டாரத் தாய்மார்களுக்குப் பெரும் பயன் அளித்து வருகிறது. (ஆ) இல்லை. அங்கு எவ்விதப் பொருளும் வைக்கப்படவில்லை. (இ) வினா எழவில்லை.'

பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் எழுதக் கூடாது என்பது சகாதேவன் தொழிலின் முதல் பாடம். சேர்மனுக்கோ பெருமை தாங்கவில்லை; பொய்யென்றாலும் அதற்குச் சரிகை வைத்துத் தைத்தால்தான் திருப்தி. சகாதேவன் எழுதியதைத் தரணேந்திரன் முன் வைத்தார். தரணேந்திரன் வெயிலைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார்.

ஐப்பசியில் பதில் சபையின் மேஜைக்கு வந்து, அதன் அச்சுப் பிரதியை முருகையனின் ஆள் ஒருவன் ஜோதியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்று ராத்திரி அவள் சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பை ஊற்றாமல் அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்தாள். நிறுத்தி நிறுத்தி, கதை படிப்பது மாதிரி படித்தாள். ஆதிலட்சுமி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்றதா இருந்தா இங்கியே சொல்லியிருக்கலாமே. எதுக்குங்க அது மெட்ராஸ் வரிக்கும் சுத்திகினு வரணும்?"

மேலே இருப்பவர்கள் சொன்னதை எழுதுவதுதான் தம் வேலை, சேர்மனைப் பகைத்தால் ஜவ்வாது மலைக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சகாதேவன் முனகினார்.

"ஜவ்வாது மலையிலயும் பொம்பளைங்க புள்ள பெத்துகினுதான் இருக்காங்க" என்றாள் அவள். குழம்பை ஊற்றவில்லை. ஆதிலட்சுமிதான் எழுந்து வந்து ஊற்றினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

தீபத்துக்கு முன்பே மகளை டவுனில் யார் வீட்டிலாவது விடுவதென்று முடிவாயிற்று. கொடியேற்றம் ஆனதும் டவுனில் உறவுக்காரர் வீடெல்லாம் வெளியூர் விருந்தாளிகளால் நிரம்பிவிட்டது. ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் படுக்க வைக்க மூலை கிடைக்கவில்லை. நாள் இன்னும் தள்ளித்தானே இருக்கிறது, தீபம் முடியட்டும் என்றார் சகாதேவன். பதில் எழுதிப் பழகிய வாய். வீட்டிலும் 'ஆவன செய்யப்படும்' என்பதைத்தான் வேறு மாதிரி சொன்னது.

வயிற்றுப் பிள்ளைக்கு இந்த நடைமுறையெல்லாம் தெரியாது. தீபத்தன்று விடிந்ததும் ஆதிலட்சுமிக்கு வலி எடுத்துவிட்டது.

தெருமுனைக்கு வண்டியைக் கொண்டுவந்து பார்த்தார்கள். ரோட்டில் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அரோகரா என்ற சத்தம் அலையாக வந்தது. மாட்டை நுழைத்தால் மாடு மிதிபட்டுச் செத்துப்போகும். வண்டிக்காரன் நுகத்தடியை இறக்கி வைத்துவிட்டு, தலைமேல் கைகூப்பிக் கும்பிடு போட்டுவிட்டான்.

ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு யாத்திரிகர்களுக்குக் காலரா ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். யூனியனில் இருக்கிற ஆயாக்களையெல்லாம் அந்த வேலைக்கு ஓட்டி வந்திருந்தார்கள். அதில் பச்சையம்மாளும் ஒருத்தி. ஜோதியம்மாள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வந்தவள் ஆதிலட்சுமியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு ஜோதியம்மாளை வாசலுக்கு அழைத்து வந்து, சகாதேவனுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"தலை மேல இருக்கு. புட்டம் முன்னால எறங்குது. தரையில போட்டு என்னால ஆவாதும்மா. இடுப்பு மேஜை ஓரத்துல இருக்கணும், கொழந்த உடம்பு கீழ தொங்கணும். அப்பதான் தலை சிக்காம வரும். கவர்மெண்டு எனக்குன்னு குடுத்த மேஜை அதோ அந்தக் கட்டடத்துல, மூட்டைக்கு அடியில கெடக்கு."

ஜோதியம்மாள் கொல்லைக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தாள். சகாதேவன் குறுக்கே நின்றார். சேர்மனிடம் ஆளனுப்பிச் சாவி கேட்கலாம், அது சர்க்கார் சொத்து, உடைத்தால் கேஸ் ஆகும், வேலை போய்விடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொன்னது எல்லாம் ஒழுங்காக, வரிசையாக, பிழையில்லாமல் இருந்தது. உள்ளேயிருந்து ஆதிலட்சுமி அப்பா என்று கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிடவில்லை. அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

பூட்டை உடைத்தது ஜோதியம்மாள்தான். மூட்டையைத் தூக்க அவளால் ஆகவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் இழுத்தார்கள். சகாதேவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதுகைக் கொடுத்தார். பேனாவைத் தவிர எதையும் சுமந்தறியாத முதுகு. மூட்டைகளைத் தூக்கித் தூக்கி ரோட்டோரம் போட்டார். ஒரு மூட்டை பிரிந்து மல்லாட்டை சிதறியது. கிரிவலம் வந்துகொண்டிருந்த கிழவர் ஒருவர் குனிந்து ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யார் உபயம் என்று கேட்டார். சகாதேவனுக்கு மூச்சு வாங்கியது. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னார்.

"சேர்மன் உபயங்க."

அவ்வளவுதான். ராஜமாணிக்கம் மல்லாட்டை வழங்குகிறார் என்று செய்தி பாதை நெடுகப் போயிற்று. ஜனங்கள் தாமாகவே வரிசையில் நின்றார்கள். மடியில் வாங்கினார்கள், முந்தானையில் வாங்கினார்கள், தொப்புள் வரை தாடி வைத்த சாமியார் ஒருவர் திருவோட்டில் வாங்கினார். உள்ளே அடியில் கிடந்த மேஜையைக் கழுவி, டிரம்மில் வெந்நீர் கொதிக்க வைப்பதற்குள் வெளியே மூட்டைகள் காலியாகிவிட்டன. சேர்மன் தம் ஆயுசில் செய்த ஒரே தர்மம் அவருக்குத் தெரியாமலே நடந்து முடிந்தது.

ஆதிலட்சுமி படாத பாடு பட்டாள். பச்சையம்மாள் வேறு ஒருத்தியாக மாறியிருந்தாள். சேர்மன் வீட்டில் வெங்காயம் உரித்துக் கூனிய முதுகு நிமிர்ந்திருந்தது; அதட்டலில் ஜோதியம்மாளே ஓடி ஓடி வெந்நீர் எடுத்துக் கொடுத்தாள். இடுப்பு வந்தது, உடம்பு வந்தது, தலை மட்டும் நின்றது. பச்சையம்மாள் அவசரப்பட்டு இழுக்கவில்லை, உடம்பைத் தொங்கவிட்டுக் காத்தாள். பிறகு அதுவும் வந்தது. பெண் குழந்தை. நீலமாகக் கிடந்து, தட்டின பிறகு அழுதது. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த சகாதேவன் அந்த அழுகையைக் கேட்டுத் தாமும் அழுதார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தீபம் முடிந்து ரோடு திறந்ததும் சேர்மன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஜோதியம்மாள்மேல் பூட்டை உடைத்த கேஸ், சகாதேவன்மேல் திருட்டுக் கேஸ், இரண்டும் வேண்டும் என்று மேஜையைத் தட்டினார். பி.டி.ஓ.வும் சகாதேவனும் வரவழைக்கப்பட்டார்கள். இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர், இந்த ஊர்ப் பஞ்சாயத்து எதுவும் தெரியாதவர். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, முறைப்படி, எந்தப் பூட்டு, எங்கே இருந்த மூட்டை என்று கேட்டார்.

"தாய்சேய் விடுதியிலதான்" என்றார் சேர்மன்.

தரணேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அன்று காலையில்தான், பயத்தில், தாம் கையெழுத்துப் போட்டதை முதன்முதலாக எடுத்துப் படித்திருந்தார்.

"எழுதாதீங்க சார். தயவு செஞ்சு எழுதாதீங்க." இன்ஸ்பெக்டரின் காகிதத்தின்மேல் கையை வைத்து மறைத்தார். "அங்க பூட்டே இல்லைன்னு சொல்லியாச்சு. ஒரு பொருளும் இல்லைன்னு சொல்லியாச்சு. நான் சொல்லி, கலெக்டர் சொல்லி, மந்திரியே சபையில வெச்சுட்டாரு. இப்ப நீங்க எப்.ஐ.ஆர். போட்டீங்கன்னா, முருகையன் அதைத் தூக்கிகினு போயி உரிமைப் பிரச்சினை கெளப்புவான். மந்திரி சபைக்குப் பொய் சொன்னார்னு ஆயிடும். அப்புறம் யாரு தலை உருளும்னு இவரையே கேளுங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். தம் களத்திலிருந்து திருட்டுப் போனதாக எழுதலாமா என்று சேர்மன் கேட்டார். களத்திலிருந்து திருடின மல்லாட்டையை ஊரறியச் சொந்தக்காரர் பேரைச் சொல்லி எவன் தானம் செய்வான் என்று இன்ஸ்பெக்டர் திருப்பிக் கேட்டார். ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த இரண்டு பக்தர்கள் சேர்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, மல்லாட்டை ரொம்ப நல்லாயிருந்தது என்றார்கள். அவரும் கும்பிட்டார். வேறு வழியில்லை.

இதனால் யாருக்காவது புத்தி வந்தது என்று நினைத்தால் அது தப்பு. விடுதி நடந்தது. பெண்களுக்காக நடக்கவில்லை, நடக்கிறது என்று எழுதியாயிற்று, எவனாவது வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற நடுக்கத்தில் நடந்தது. முருகையன் மாலையோடு வந்து, தம் கேள்வியால் திறந்த விடுதி என்று கூட்டம் போட்டுப் பேசினார். என்ன கேட்டார் என்று அவருக்கு ஞாபகமில்லாததால், ஆட்டாஸ்பத்திரி என்று இரண்டு தடவை சொன்னார். ஜோதியம்மாள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அவர் நீட்டிய மாலையை வாங்கிக்கொள்ளவில்லை.

தை மாசத்தில் பச்சையம்மாள் ஒரு மனு எழுதினாள். ராத்திரியில் நாய் நுழைகிறது, குடிகாரன் நுழைகிறான், கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கிறேன், ஒரு பூட்டு வேண்டும் என்று. தரணேந்திரன் அதைச் சகாதேவனிடம் கொடுத்தார். எந்நேரமும் பூட்டாமல் திறந்திருப்பதாகச் சபையில் சொல்லியிருக்கும் கட்டடத்துக்குப் பூட்டு வாங்கினால் தணிக்கையில் கேட்பார்கள், மறுத்து எழுதிவிடுங்கள் என்றார். சகாதேவன் எழுதினார். நல்ல கையெழுத்தில், பொய்யில்லாமல், உண்மையுமில்லாமல் எழுதி, கையெழுத்து வாங்கி, தபாலில் சேர்த்தார்.

அன்று சாயங்காலம் சைக்கிளைக் கடைத்தெருவில் நிறுத்தி, தம் கைக்காசில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் வாங்கினார். வீட்டுக்குப் போகாமல் நேரே விடுதிக்குப் போய், கதவின் உட்புறத்தில் அதை வைத்துத் திருகினார். திருகாணி கோணிக்கொண்டு போயிற்று. பச்சையம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"உங்க ஆபீசு கூடாதுன்னு எழுதியிருக்காமே?"

"பூட்டு கூடாதுன்னுதான் எழுதினேன்" என்றார் சகாதேவன். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசித் திருகாணி பாக்கியிருக்கும்போதே, வேடியப்பனூர்ப் பக்கமிருந்து ஒரு கட்டைவண்டி வந்து வாசலில் நின்றது. உள்ளே ஒரு பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். பச்சையம்மாள் சகாதேவனின் தோளைப் பிடித்துத் திருப்பி, ஆம்பளைங்க வெளியே போங்க என்று தள்ளிவிட்டாள். அவர் திருப்புளியைக் கையில் பிடித்தபடி படியிறங்கினார். பின்னால் கதவு மூடி, தாழ்ப்பாள் விழுந்தது. ஒரு பக்கம் ஆடினாலும், பிடித்துக்கொண்டது.